ஸ்பிரிங் பூட்டில் ஃபார்ம் வேலிடேஷன்: வெற்றுப் படிவம் சேவ் ஆகிறது, 'கமலா' மட்டும் மாட்டிக்கொள்கிறாள்

கேள்வி சுருக்கமாக இதுதான். நூலக உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு ஃபார்ம்; ஜாவாவில் வலைத்தளம் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டும், பக்கத்தை உருவாக்கும் தைம்லீஃபும். பூட் 2-ல் ஒழுங்காக ஓடியதை 3-க்கு மாற்றியதும், எதையும் நிரப்பாமல் அனுப்பினாலும் சேவ் ஆனது. எதையெதையோ மாற்றியதில் வேலிடேஷன் உயிர் பெற்றது. ஆனால் இப்போது தப்பாக நிரப்பினால் ஃபீல்டுக்குக் கீழே மெசேஜ் வராமல் வெள்ளைப் பக்கத்தில் 400 (ரிக்வெஸ்ட் தப்பு என்று சொல்லும் எண்) வந்து நிற்கிறது. சரியாக நிரப்பினால் போகிறது. போதாக்குறைக்கு, தமிழில் பெயர் எழுதினால் சில பெயர்களை ஏற்கிறது, சிலவற்றை மறுக்கிறது. வேலிடேஷனை முறையாக கான்ஃபிகர் செய்வது எப்படி?

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இது மூன்று கேள்வி. மூன்றும் வெவ்வேறு இடத்தில் உடைகின்றன. பிரவுசரில் இருந்து வருவது வெறும் எழுத்துச் சரம். அதை உங்கள் ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டுகளில் வகை மாற்றிப் போடுவது பைண்டிங். போட்டதைச் சோதிப்பது வேலிடேஷன். கிடைத்த எரர்களை, ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கவனிக்கும் கன்ட்ரோலர் கையில் கொடுப்பது மூன்றாவது படி. எரருக்கு எந்த வாக்கியம் என்று தேடுவது நான்காவது. பழைய மதிப்புகளோடு ஃபார்மைத் திரும்பக் காட்டுவது கடைசி. 'வேலிடேஷன் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் வேலிடேஷனில் இருப்பதில்லை, அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். எந்தப் படியில் உடைந்தது என்று தெரியாமல் அனோட்டேஷன்களை (ஃபீல்டுக்கு மேலே @ போட்டு எழுதும் விதிக் குறிப்புகளை) மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கிளம்பும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கோடை அப்படியே ஒட்டாமல் பேச்சாகவே சொல்கிறேன். அனோட்டேஷன் பெயர்களை ஐடிஇ எடுத்துக் கொடுத்துவிடும்.

முதலில், வெற்றுப் படிவம் சேவ் ஆன கதை. ஆரக்கிள் 2017-ல் ஜாவாவின் நிறுவன மென்பொருள் தொகுப்பான ஜாவா ஈஈ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது; ஆனால் 'ஜாவாஎக்ஸ்' என்ற பேக்கேஜ் பெயரில் அங்கே புதிதாக எதையும் வளர்க்க முடியாத நிலை. அதனால் ஜாவா ஈஈ-யின் புது அவதாரமான ஜகார்த்தா ஈஈ 9-ல் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 அந்தப் புதுப் பெயருக்குத் தாவியது. இப்போது உள்ளே இருந்து இந்தச் சோதனையை நடத்தும் லைப்ரரியான ஹைபர்நேட் வேலிடேட்டர் ஜகார்த்தா பேக்கேஜின் அனோட்டேஷன்களை மட்டுமே படிக்கும். உங்கள் ஃபார்ம் கிளாஸில் இம்போர்ட் இன்னும் ஜாவாஎக்ஸ் என்று இருந்தால் அதன் கண்ணில் அது படவே படாது.

'அப்படியென்றால் கம்பைல் ஆகியிருக்கக் கூடாதே?' என்று கேட்பீர்கள். ஆகும். பழைய வேலிடேஷன் ஏபிஐ ஜார் வேறு ஏதாவது லைப்ரரியின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும். ஏபிஐ டாக்குமென்டேஷன் உருவாக்கும் பழைய லைப்ரரிகள் இதில் பேர்போனவை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: கன்ட்ரோலர் பாராமீட்டரில் இருக்கும் அனோட்டேஷனின் பெயர் 'வேலிட்' என்று தொடங்கினாலே ஸ்பிரிங் வேலிடேட்டரைக் கூப்பிட்டுவிடும், அது எந்த பேக்கேஜில் இருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. ஆக வேலிடேட்டர் ஓடுகிறது, உங்கள் கிளாஸைப் பார்க்கிறது, தனக்குத் தெரிந்த விதி எதுவும் இல்லை, 'எல்லாம் சரி' என்று சொல்லித் திரும்பிவிடுகிறது. லாக்கில் ஒரு வரிகூட இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க, லைப்ரரிகளைக் கொண்டுவரும் மேவனில் டிபெண்டன்சி ட்ரீ கட்டளையை ஓட்டி, வேலிடேஷன் ஏபிஐ எத்தனை வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். பழையதை எக்ஸ்க்ளூட் செய்தவுடன் தப்பான இம்போர்ட் எல்லாம் கம்பைல் எரராகக் கத்தும். அதுதான் நமக்கு வேண்டியது. கூடவே வேலிடேஷன் ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பூட் 2.3-ல் இருந்தே வெப் ஸ்டார்ட்டருடன் அது தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். ப்ராஜெக்ட் முழுக்க ஜாவாஎக்ஸை ஜகார்த்தா என்று ஒரே அடியாக ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்துவிடாதீர்கள். ஜாவாஎக்ஸ் எஸ்கியூஎல், ஜாவாஎக்ஸ் கிரிப்டோ இரண்டும் ஜேடிகே-யின் சொத்து, அவை பெயர் மாறவில்லை.

அடுத்து 400. நீங்கள் சொன்ன அறிகுறியே காட்டிக்கொடுக்கிறது: சரியாக நிரப்பினால் போகிறது, தப்பாக நிரப்பினால் 400. கன்ட்ரோலர் மெத்தடில் எரர்களை வாங்கிக்கொள்ளும் 'பைண்டிங்ரிசல்ட்' பாராமீட்டர் இல்லை, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வேலிட் போட்ட ஃபார்ம் ஆப்ஜெக்ட்டுக்கு அடுத்த பாராமீட்டராகவே அது இருக்க வேண்டும். நடுவில், டெம்ப்ளேட்டுக்குத் தரவைக் கொண்டுபோகும் 'மாடல்' ஒன்றைச் செருகினால்கூட, இந்த கன்ட்ரோலர் எரரைத் தானே பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்று ஸ்பிரிங் முடிவு கட்டி எக்செப்ஷன் வீசிவிடும். பேருந்தில் டிக்கெட் எடுத்தவருக்குப் பக்கத்திலேயே அவர் குழந்தை உட்கார வேண்டும் என்பது போலத்தான், இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தால் யார் குழந்தை என்று நடத்துநருக்குத் தெரியாது.

பைண்டிங்ரிசல்ட் வந்ததும் எரரைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. 'ஹேஸ்எரர்ஸ்' உண்டா என்று முதல் வரியில் பாருங்கள்; உண்டென்றால் ஃபார்ம் டெம்ப்ளேட்டின் பெயரையே ரிட்டர்ன் செய்யுங்கள். இங்கே ரீடைரக்ட் செய்யக் கூடாது. செய்தால் அது புது ரிக்வெஸ்ட், எரரும் நிரப்பிய மதிப்பும் காற்றோடு போய்விடும். ரீடைரக்ட் வெற்றிகரமாக சேவ் ஆன பிறகுதான், அதுவும் கட்டாயம். இல்லாவிட்டால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்பவர் இரண்டு முறை உறுப்பினர் ஆகிவிடுவார்.

டெம்ப்ளேட் பக்கத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கிளாஸ் பெயர் மெம்பர்ஃபார்ம் என்றால் மாடலில் அதன் பெயர், முதல் எழுத்து சிறியதாக, மெம்பர்ஃபார்ம் என்றே விழும். தைம்லீஃபின் 'ஆப்ஜெக்ட்' அட்ரிபியூட்டில் வெறும் 'மெம்பர்' என்று எழுதியிருந்தால் பொருந்தாது. ஃபார்மை முதன்முதலில் காட்டும் கெட் மெத்தடிலும் அதே பெயரில் ஒரு வெற்று ஆப்ஜெக்ட்டை மாடலில் வைக்க வேண்டும். மறந்தால் பைண்டிங்ரிசல்ட்டும் இல்லை, டார்கெட் ஆப்ஜெக்ட்டும் இல்லை என்று ஒரு நீளமான எக்செப்ஷன் வரும்.

400-க்குப் பதில் 500 (சர்வருக்குள் எரர்) வந்தால் அது வேறு கதை. வேலிட் போட மறந்திருப்பீர்கள், ஆனால் அனோட்டேஷன்கள் டேட்டாபேஸ் டேபிளுக்கு நேரான என்டிட்டி கிளாஸிலேயே இருக்கும். டேட்டாபேஸில் எழுதும் ஜேபிஏ, சேவ் செய்யும் நேரத்தில் அதே விதிகளை இன்னொரு தடவை ஓட்டும், அங்கே மாட்டும். என்டிட்டியையே ஃபார்ம் ஆப்ஜெக்ட்டாகப் பயன்படுத்தும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, இந்த 500-க்காக மட்டும் இல்லை. ரிக்வெஸ்ட்டில் என்ன பெயர் வந்தாலும் அதற்கு செட்டர் இருந்தால் பைண்டிங் நிரப்பிவிடும். உறுப்பினர் என்டிட்டியில் 'நிர்வாகி' என்று ஒரு பூலியன் இருந்தால், ஃபார்மில் அந்தப் பெட்டியே இல்லாவிட்டாலும் வெளியில் இருந்து ஒருவர் அதை அனுப்பி நிர்வாகி ஆகிவிடலாம். 2022 மார்ச்சில் உலகத்தையே பதற வைத்த ஸ்பிரிங்4ஷெல் ஓட்டையும் இந்த பைண்டிங் வழியாக நுழைந்ததுதான். ஃபார்மில் உள்ள ஃபீல்டுகள் மட்டும் கொண்ட தனி கிளாஸ் எழுதுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். எழுதிவிடுங்கள்.

இப்போது பைண்டிங். இங்கேதான் பலர் அனோட்டேஷனைக் குறை சொல்வார்கள், காரணம் எச்டிஎம்எல்லில் இருக்கும். வெற்றாக விட்ட டெக்ஸ்ட் பெட்டி 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற நிலை) ஆக வருவதில்லை, நீளம் சைபரான சரமாக வருகிறது. ஆகவே 'நாட்நல்' அதைப் பிடிக்காது. 'நாட்எம்ப்டி' பிடிக்கும், ஆனால் இரண்டு ஸ்பேஸ் தட்டினால் விட்டுவிடும். டெக்ஸ்ட்டுக்கு 'நாட்பிளாங்க்'தான் சரி. எண், தேதி மாதிரியானவற்றுக்கு நாட்நல்.

இதன் மறுபக்கம் இன்னும் எரிச்சலானது. தொலைபேசி எண் கட்டாயம் இல்லை, ஆனால் கொடுத்தால் பத்து இலக்கம் வேண்டும் என்று 'பேட்டர்ன்' (சரம் சொன்ன வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் அனோட்டேஷன்) போடுகிறீர்கள். நல் வந்தால் பேட்டர்ன் கண்டுகொள்ளாது. வருவதோ வெற்றுச் சரம், அது பத்து இலக்கம் இல்லை, எரர். விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்று எழுதிவிட்டு நிரப்பாதவரைத் திட்டுகிற ஃபார்ம் இப்படித்தான் பிறக்கிறது. மருந்து ஒரே வரி. கன்ட்ரோலர் அட்வைஸ் ஒன்றில் 'இனிட்பைண்டர்' மெத்தட் எழுதி, ஸ்ட்ரிங் வகைக்கு 'ஸ்ட்ரிங்ட்ரிம்மர்எடிட்டர்' ஒன்றை ட்ரூ என்ற ஆர்குமென்ட்டுடன் ரெஜிஸ்டர் செய்யுங்கள். முன்பின் ஸ்பேஸ் போகும், வெற்றுச் சரம் 'நல்' ஆகும். கூடுதல் லாபமும் உண்டு: பெயரைக் காலியாக விட்டால் நாட்பிளாங்க், சைஸ், பேட்டர்ன் மூன்றும் சேர்ந்து மூன்று வரி திட்டுவது நின்று, நாட்பிளாங்க்கின் ஒரே வரி மட்டும் வரும். நான் எந்தப் புது ப்ராஜெக்ட்டிலும் முதல் நாளே இதைப் போட்டுவிடுவேன். ஜேசனாக வரும் ரிக்வெஸ்ட்டுக்கு இது பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வயது ஃபீல்டை இன்ட் என்று வைத்திருந்தால் இன்டீஜராக மாற்றுங்கள். காலியாக விட்டால் இன்டீஜரில் நல் உட்காரும், நாட்நல் அழகாகப் பிடிக்கும். பிரிமிட்டிவ் இன்ட்டில் நல் உட்கார முடியாது; 'டைப்மிஸ்மேட்ச்' என்ற பைண்டிங் எரர் வரும், அதோடு ஜாவா கிளாஸ் பெயர்கள் நிறைந்த ஓர் ஆங்கில வாக்கியம் நூலகத்துக்கு வந்த பாட்டியின் கண்முன் நிற்கும். ஒரு ஃபீல்டில் பைண்டிங்கே தோற்றால் அதே ஃபீல்டின் வேலிடேஷன் எரர்களை ஸ்பிரிங் சேர்ப்பதில்லை. அதனால் நீங்கள் எழுதிய அழகான மெசேஜ் அங்கே வரவே வராது. இதில் ஒரு சுவாரசியம்: வயது பெட்டி சாதாரண டெக்ஸ்ட் வகையாக இருந்து, ஒருவர் தமிழ் எண்ணில் ௧௫ என்று எழுதினால் ஜாவா அதைச் சமர்த்தாக 15 என்று படித்துக்கொள்ளும். பேட்டர்னுக்குள் எழுதும் ரெஜெக்ஸின் இலக்கக் குறியோ, தனியாகச் சொல்லாவிட்டால், தமிழ் எண்ணை ஏற்காது. ஒரே மொழிக்குள் இரண்டு மனசு.

இனி கமலா. நீங்கள் அனுப்பிய பேட்டர்னில் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்காமல், யூனிகோடின் 'லெட்டர்' வகையை, அதாவது பின்சாய்கோடு பி போட்டு அடைப்புக்குள் எல் என்று எழுதுவதை, வைத்திருக்கிறீர்கள். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் யூனிகோடின் கணக்கும் நம் அரிச்சுவடியின் கணக்கும் ஒன்றல்ல. 'கமல' என்று டைப் செய்து பாருங்கள், போகும். 'கமலா' என்று ஒரு கால் சேர்த்துப் பாருங்கள், மாட்டும். க, ம, ல மூன்றும் லெட்டர். கால் என்பது 'மார்க்' என்ற வேறு வகை. கொம்பு, சுழி, புள்ளி எல்லாமே மார்க். உயிர்க்குறியும் புள்ளியும் இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை இருக்கும்? அந்தச் சிலதான் உங்களுக்குப் போன 'சில பெயர்கள்'. லெட்டரோடு மார்க் வகையையும், அடைப்புக்குள் எம் என்று, ஒரே சதுர அடைப்பில் சேருங்கள். இனிஷியலுக்காகப் புள்ளியும் ஸ்பேஸும் சேருங்கள். எங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டும் உரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகள் ஒளிந்து வருவதுண்டு. அவை லெட்டரும் இல்லை, மார்க்கும் இல்லை. அவற்றைச் சோதனைக்கு முன்பே கழற்றி எறிவது நல்லது.

உண்மையைச் சொன்னால், பெயருக்குப் பேட்டர்னே தேவையில்லை என்பது என் கட்சி. பெயரில் என்ன எழுத்து வரலாம் என்று முடிவு செய்ய நாம் யார்? எச்டிஎம்எல் புகுந்துவிடும் என்று பயந்தால், அதைக் காட்டும் இடத்தில் தைம்லீஃப் தானாகவே எஸ்கேப் செய்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைத்து, இரண்டுக்கும் நாட்பிளாங்க் போட்டிருந்தோம். ஆறு மாதம் கழித்து டேட்டாபேஸைத் திறந்தால் கடைசிப் பெயர் நெடுவரிசையில் பாதிக்கு வெறும் ஒற்றைப் புள்ளி. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எங்கள் வேலிடேஷனைத் திருப்திப்படுத்த வைத்த புள்ளி அது. 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

நீளத்திலும் இதே சிக்கல். சைஸ் அனோட்டேஷன் எழுத்தை எண்ணுவதில்லை, சரத்தின் நீளத்தை எண்ணுகிறது. 'முத்துலட்சுமி' நமக்கு ஏழு எழுத்து, ஜாவாவுக்கு 13. டேட்டாபேஸ் போகும்போது இன்னும் பெருகும்: யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 39 பைட். மைஎஸ்கியூஎல்லில் வார்கேர் 30 என்றால் 30 குறி, பிரச்சினை இல்லை. ஆரக்கிளில் வார்கேர்2 30 என்றால், மாற்றிச் சொல்லாதவரை, 30 பைட். சைஸில் அதிகபட்சம் 30 என்று வைத்திருப்பீர்கள், முத்துலட்சுமி வேலிடேஷனைத் தாண்டிவிடுவார், டேட்டாபேஸ் வாசலில் விழுவார். இன்னொன்று: 'கொ' என்பதை இரண்டு குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று குறியாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. உறுப்பினர் ஏற்கெனவே இருக்கிறாரா என்று பெயரை வைத்துத் தேடும் இடம் எங்காவது இருந்தால், ஜாவாவின் 'நார்மலைசர்' கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேவ் செய்ய வேண்டும்.

மெசேஜ்கள். அனோட்டேஷனுக்குள்ளேயே தமிழ் வாக்கியத்தை எழுதிவிடலாம், சின்ன ப்ராஜெக்ட்டுக்கு அதில் தப்பே இல்லை. தனி ஃபைலில் வைப்பதென்றால் ஸ்பிரிங் குறிப்பானதில் இருந்து பொதுவானதை நோக்கித் தேடும்: முதலில் நாட்பிளாங்க்.மெம்பர்ஃபார்ம்.நேம், பிறகு நாட்பிளாங்க்.நேம், பிறகு வகையின் பெயரோடு, கடைசியில் வெறும் நாட்பிளாங்க். டைப்மிஸ்மேட்ச்சுக்கும் இதே வரிசைதான், அதற்கும் ஒரு வரி தமிழில் எழுதி வையுங்கள். சைஸுக்கு எழுதும்போது அடைப்புக்குள் 0 ஃபீல்டின் பெயர், 1 அதிகபட்சம், 2 குறைந்தபட்சம். குறைந்தபட்சம் முதலில் வரும் என்றுதான் தோன்றும். ஆனால் அட்ரிபியூட்டுகள் ஆங்கில அகர வரிசையில் வருகின்றன. '50 முதல் 2 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு தளம் சொன்னால் காரணம் இதுதான்.

தமிழுக்கான மெசேஜஸ் ஃபைலை மட்டும் வைத்துவிட்டு, மொழிக் குறி இல்லாத அடிப்படை ஃபைலை வைக்காமல் விட்டால் பூட் மெசேஜ் சோர்ஸையே அமைக்காது. ஒன்றுமே இல்லாத காலி ஃபைலாவது இருக்க வேண்டும். பயனரின் பிரவுசர் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலம் தேடும். தளம் முழுக்கத் தமிழ் என்றால் லோகேலை (மொழி அமைப்பை) தமிழ் என்று நிலையாக வைக்க ப்ராப்பர்ட்டி இருக்கிறது. கேள்விக்குறிகளாக வந்தால் பூட்டைச் சந்தேகிக்காதீர்கள், அது யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை உங்கள் ஐடிஇ வேறு என்கோடிங்கில் சேவ் செய்திருக்கும்.

இரண்டு ஃபீல்டுகளை ஒப்பிடும் விதிகளுக்கு (பாஸ்வேர்டு இரண்டு தடவை, தொடக்கத் தேதிக்குப் பின் முடிவுத் தேதி) கிளாஸ் மேலேயே போடும் சொந்த அனோட்டேஷன் எழுதலாம். ஒரே இடத்தில் மட்டும் வருகிறதென்றால் நான் கன்ட்ரோலரிலேயே 'ரிஜெக்ட்வேல்யூ' கூப்பிட்டு முடித்துவிடுவேன். மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவானதா என்ற சோதனைக்கும் அதே வழி. ஆனால் இரண்டு பேர் ஒரே விநாடியில் அழுத்தினால் இரண்டு பேருமே அந்தச் சோதனையைத் தாண்டுவார்கள், ஆகவே டேபிளில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்க வேண்டும், அது வீசும் எக்செப்ஷனைப் பிடித்து அதே ஃபீல்டு எரராக மாற்ற வேண்டும்.

சோதிக்கும்போது ஃபார்ம் டேகில் 'நோவேலிடேட்' போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'ரிக்வயர்டு' அட்ரிபியூட்டைப் பார்த்து பிரவுசரே தடுத்துவிடும், சர்வரில் வேலிடேஷன் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. பிறகு, பிரவுசர் இல்லாமலே ரிக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்கும் மாக்எம்விசி-யில் மூன்று டெஸ்ட்: எதுவும் இல்லாமல் போஸ்ட் செய்தால் பெயர் ஃபீல்டில் நாட்பிளாங்க் எரர் வருகிறதா, 'ச. கமலா' என்று அனுப்பினால் ரீடைரக்ட் ஆகிறதா. தொலைபேசியைக் காலியாக விட்டால் எரர் இல்லாமல் போகிறதா. முதல் டெஸ்ட் இருந்திருந்தால் பூட் 3-க்கு மாறிய அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் நகராவிட்டால் மூன்றை மட்டும் அனுப்புங்கள்: டிபெண்டன்சி ட்ரீயில் வேலிடேஷன் என்று வரும் வரிகள், போஸ்ட் மெத்தடின் முதல் வரி, டெம்ப்ளேட்டின் ஃபார்ம் டேக். முழு ப்ராஜெக்ட்டும் வேண்டாம்.